பாலத்தின் மேல் ஆறு வினாடி

பூதம் தடியை ஓங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. இன்னும் இறக்கியபாடில்லை.

பூதத்தின் மேல் குற்றமில்லை. அதற்கு இன்னும் முறை வரவில்லை.

"மாமா, நான் அதோட கால் இடுக்குல பூந்து அந்தப் பக்கம் போயிடறேன்" என்றான் வரிசையாரின் மைத்துனன்.

"உன் முறை இல்ல."

"சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

"எட்டிப் பாக்கறதுக்கும் முறை வேணும். இப்ப டாக்டரம்மா முறை."

"அவங்க யோசிச்சுக்கிட்டுல்ல இருக்காங்க. அவங்க முடிக்கறதுக்குள்ள நான் போய், டீ குடிச்சுட்டுத் திரும்பிடுவேன்."

"யோசிக்கறதும் என் முறையில சேர்ந்ததுதான் தம்பி" என்றார் பல் டாக்டரம்மா, பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே. "நான் திறக்கச் சொல்றப்ப மட்டும் வாயைத் திறந்தாப் போதும்."

"ஆட்சேபம்" என்றார் வக்கீல்.

"எதுக்கு சார்?"

"அதை என் முறையில சொல்றேன்."

வரிசையார் விதிப்புத்தகத்தை மூடி, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமைதோறும் மூன்று மணி முதல் ஆறு மணிவரை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒரு ராஜ்ஜியம். அவர் அதற்கு நடுவர். ஆட்டம் எளிது. நடுவர் ஓர் உலகத்தைச் சொல்வார்: இங்கே காடு, இங்கே ஆறு, ஆற்றின் மேல் பாலம், பாலத்தின் நடுவில் பூதம். ஆடுபவர்கள் ஆளுக்கொரு வீரராக மாறி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் ஒருவர் பின் ஒருவராகத்தான் செய்ய வேண்டும். எல்லோரும் ஒருமுறை செய்து முடித்தால் ஒரு சுற்று. ஒரு சுற்று என்பது கதைக்குள் ஆறு வினாடி.

ஆறு வாரமாக அந்த ஆறு வினாடி முடியவில்லை.

வரிசையாருக்கு இயற்பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தின் வாசலில் உட்கார்ந்து பொதுமக்களுக்கு முறைச்சீட்டு கொடுத்தவர். யார் எந்த சன்னலுக்கு, யாருக்கு முன்னால் யார் என்பதெல்லாம் அவர் வாக்கு. அலுவலகத்தில் அவரை வரிசையார் என்று கூப்பிட்டார்கள். அது மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். போன வருடம் வாசலில் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பொத்தானை அழுத்தினால் சீட்டு தானாக வரும். இப்போது அவருக்கு வேலை, அந்த இயந்திரத்துக்குக் காகிதச் சுருள் மாட்டுவது. சுருள் தீர்ந்தால் அது கீச்சென்று கூப்பிடும்; அவர் ஓட வேண்டும். எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்தவர்தான். கீச்சென்று கூப்பிட்டது இது ஒன்றுதான்.

ஆகவேதான் இந்தச் சாப்பாட்டு மேசை. அவர் "அடுத்து" என்று சொன்னால் நாலு பேர் நிமிர்ந்து பார்க்கிற இடம் உலகத்தில் இது ஒன்றே மிச்சம்.

அதற்கும் அன்று சாயங்காலம் வேட்டு வந்தது.

"சார், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா. பல்லைப் பிடுங்குவதற்கு முன் நோயாளியிடம் பேசுகிற குரல் அது. "அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள இந்தப் பூதம் சாகலைன்னா, அதுக்கப்புறம் என் கிளினிக் வெயிட்டிங் ரூம்ல ஆடறதா இருக்கோம்."

"வெயிட்டிங் ரூம்லயா? அங்க யாரு நடுவர்?"

மைத்துனன் மின்விசிறியைப் பார்த்தான்.

"இவனா? இவனுக்கு என்ன விதி தெரியும்?"

"ஒரே விதிதான் மாமா. யாரு சத்தமா சொல்றாங்களோ, அவங்க முறை."

வக்கீல் ஆட்சேபிக்கவில்லை. அதுதான் வரிசையாரை அதிகமாகச் சுட்டது.

அந்த வெயிட்டிங் ரூமில் தனக்கும் ஒரு நாற்காலி உண்டா என்று கேட்க நினைத்தார். பதில் தெரிந்துவிடுமோ என்று பயந்து கேட்காமல் விட்டார்.

முதல் வாரம் எல்லாம் அமர்க்களமாகத்தான் தொடங்கியது. "பூதம் தடியை ஓங்குகிறது" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். டாக்டரம்மா வெட்டினார். மைத்துனன் பூதத்தின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் திருடினான். வக்கீல் பூதத்திடம் பாலத்துக்கான பட்டா இருக்கிறதா என்று விசாரித்தார். வரிசையார் புன்னகையோடு ஐந்து அட்டைகளை எடுத்தார். பளபளவென்று நெகிழித்தாள் ஒட்டிய அட்டைகள். ஒன்று டாக்டரம்மாவுக்கு, இரண்டு மைத்துனனுக்கு, மூன்று வக்கீலுக்கு. நாலு, வக்கீலின் பின்னாலேயே படியேறி வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு. ஐந்து பூதத்துக்கு.

அந்தக் கூட்டத்திலேயே உருப்படியான ஆட்டக்காரர் நாலாம் நம்பர்தான். வந்த அன்று "சார், நான் வந்து..." என்று எதையோ ஆரம்பித்தார். "முறை வரும்போது சொல்லுங்க" என்றார் வரிசையார். அவ்வளவுதான். மறுபேச்சில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு, தூக்கி வந்த கனத்த பையை மேசைக்கடியில் தள்ளிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிட்டார். ஊறிய ஆட்டக்காரர்கள் பகடை, புத்தகம் எல்லாவற்றையும் சொந்தமாகச் சுமந்து வருவார்கள் என்று வரிசையார் படித்திருந்தார். உள்ளூரப் பூரித்துப்போனார். அட்டையின் பின்பக்கம், 'இந்த எண் அடுத்த சனிக்கிழமைக்கும் செல்லும். வராதவர் எண் ரத்து' என்று இருந்தது. நாலாம் நம்பர் அதை இரண்டு தடவை படித்தார். அதன் பிறகு ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

ஆனால் அவருக்கு முன்னால் வக்கீல் இருந்தார்.

"என் முறையை ஒத்திவைக்கிறேன்" என்றார் வக்கீல், எழுந்து நின்று.

"எது வரைக்கும்?"

"தகுந்த நேரம் வரைக்கும். வாய்தா."

"பூதம் தடியை ஓங்கி நிக்குது சார்."

"நிக்கட்டும். அதுக்கு நோட்டீஸ் போகணும்ல."

விதிப்புத்தகத்தின் முப்பத்தேழாம் பக்க அடிக்குறிப்பில் ஒத்திவைக்க இடமிருந்தது. ஒத்திவைத்தவர் முடிக்காமல் அடுத்தவரிடம் போகக் கூடாது என்று அதன் கீழே வரிசையாரே ஒரு விதி எழுதிச் சேர்த்திருந்தார், முறை என்றால் முறையாக இருக்க வேண்டும் என்பதற்காக. மணி ஆறடித்தது.

இரண்டாம் வாரம், முறையில்லாமல் வாய் திறந்தால் அந்த வாரத்து முறை ரத்து என்று விதி வந்தது. புது விதி வந்தால் வரிசை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் அவர் எழுதியதுதான். தொடங்கிய இரண்டாம் நிமிடம் மைத்துனன் இருமினான்.

"இருமல் பேச்சாகுமா?" என்று கேட்டார் வக்கீல்.

"எந்த மாதிரி இருமல்ங்கறதைப் பொறுத்தது" என்றார் டாக்டரம்மா.

"அர்த்தத்தோட இருமினான்" என்றார் வரிசையார்.

"சளிக்கு அர்த்தம் உண்டா மாமா?"

ஒரு மணி பத்து நிமிடம் இது ஓடியது. நடுவில் நாலாம் நம்பர் மெதுவாகக் கையை உயர்த்தி, "சார், ஒரு நிமிஷம், நான் எதுக்கு வந்தேன்னா..." என்றார். வரிசையாருக்கு மனசே இல்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். நாலாம் நம்பருடைய அந்த வாரத்து முறை ரத்தானது. அதற்குப் பிறகு அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. ஒரு தண்டனையில் திருந்திய ஒரே ஆள் என்று வரிசையார் அவரை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்தார்.

மூன்றாம் வாரம் மணற்கடிகாரம். டாக்டரம்மாவின் கிளினிக்கில் குழந்தைகள் பல் தேய்க்கக் கொடுப்பது. அதன்மேல் ஒரு கடைவாய்ப்பல் சிரித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு இரண்டு நிமிடம். மைத்துனன் தன் முறை வந்ததும் கடிகாரத்தைப் படுக்கப் போட்டான்.

"என்னடா பண்றே?"

"மணல் விழல. நேரம் ஓடல. நீங்க நிதானமா இருங்க மாமா, அவசரமே இல்ல."

நாலாம் வாரம் எழுத்துபூர்வமாக. 'செயல் விண்ணப்பம்' என்று தலைப்பிட்டு வரிசையாரே படிவம் அச்சடித்தார். ஆயுதம், செயல் என்று இரண்டு கட்டங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துவிட்டால் நீதி கெடும் என்று வக்கீல் வாதாடியதால், ஒவ்வொரு விண்ணப்பமும் உறையில் போட்டு ஒட்டப்பட்டது. அவரவர் முறை வரும்போதுதான் உறையைப் பிரிக்க வேண்டும். டாக்டரம்மாவின் உறையைப் பிரித்தார்கள். கையெழுத்து புரியவில்லை.

"இது வெட்டறேனா, விலகறேனா?"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "நான்தான் எழுதினேன். அது வரைக்கும் நிச்சயம்."

வேறு வழியில்லாமல் அதைப் படமெடுத்து, சனிக்கிழமைகளில் மதியத்திலிருந்து இரவு வரை மருந்துக்கடையில் வேலை பார்க்கும் வரிசையாரின் மனைவிக்கு அனுப்பினார்கள். பதில் உடனே வந்தது: 'சாப்பாட்டுக்குப் பின், ரெண்டு வேளை.'

நாலாம் நம்பர் தன் விண்ணப்பத்தை நிறுத்தி நிதானமாக எழுதி, உறையை ஒட்டி, இரண்டு கையாலும் நீட்டினார். அன்று முதல் அது பிரிக்கப்படாமல் மேசைமேல் இருந்தது.

ஐந்தாம் வாரம், முறை வரிசையைப் பற்றிப் பேசித் தீர்க்க ஒரு கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் முதலில் யார் பேசுவது என்பதிலேயே மணி ஆறானது.

இத்தனை குளறுபடியிலும் ஒரு நன்மை. வரிசை எப்போதும் ஒன்றிலிருந்தே தொடங்கியதால், டாக்டரம்மா வாராவாரம் வெட்டி வெட்டிப் பூதத்தின் அறுபது உயிர்ப்புள்ளியில் மூன்றுதான் மிச்சம் வைத்திருந்தார். ஒரே ஒரு அடி போதும்.

ஏழாம் சனிக்கிழமை மதியம் சமையலறையில் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, இன்னிக்கு பக்கெட் பத்தாது. அண்டாவை வெச்சிருக்கேன்."

சமையலறைக் குழாய் முதலில் சொட்டியது. பிறகு ஒழுகியது. இப்போது சுவரோடு சேர்ந்த இடத்தில் கசிய ஆரம்பித்திருந்தது.

"அந்தக் குழாய்காரர் என்ன ஆனார்?" என்றார் வரிசையார், அட்டைகளைத் துடைத்தபடி.

"அதை ஏன் கேக்கறீங்க. வரச்சொல்லி ஏழு வாரமாச்சு. வேற ஆளும் கிடைக்கல. நேத்து போன் பண்ணா, 'சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு மனுஷன் புடிச்சு உக்கார வெச்சுடறார்மா, எழுந்திரிக்கவே விட மாட்டேங்கறார்'ங்கறார். மேல பேசினா கத்திடுவேன்னு வெச்சுட்டேன்."

வரிசையார் தலையை ஆட்டினார். "சில பேருக்கு அடுத்தவங்க நேரத்தோட மதிப்பே தெரியறதில்ல."

"அதை நீங்க சொல்றீங்க." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "அண்டா நிரம்பினா எழுந்து போய்க் கொட்டுங்க. ராத்திரி நான் வரப்ப சமையலறை ஈரமா இருந்துச்சு, உங்க பூதத்தோட கதி எனக்குத் தெரியாது."

மூன்று மணிக்கு எல்லோரும் வந்தார்கள். டாக்டரம்மா தன் மணற்கடிகாரத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வரும் எண்ணம் இல்லை என்று பொருள். நாலாம் நம்பர் வழக்கம்போல வக்கீலின் பின்னால் வந்து, பையை உள்ளே தள்ளி, ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒன்று" என்றார் வரிசையார்.

டாக்டரம்மா உருட்டினார். பகடை சோம்பல் முறித்து, ஒன்றைக் காட்டிப் படுத்தது. வாள் கைநழுவி ஆற்றில் விழுந்தது.

"இரண்டு."

மைத்துனன் விழித்தான். ஒரு நிமிடம் ஆனது. மூன்று நிமிடம் ஆனது.

"சொல்லுடா. ஏழு வாரமா குதிச்சியே."

"ஒண்ணும் தோணல மாமா. என் முறை இல்லாதப்பதான் எனக்குத் தோணுது."

நாற்பது நிமிடம் கழித்து, வாளை எடுப்பதாகச் சொல்லி அவனும் ஆற்றில் விழுந்தான். அவனுக்கு நீச்சல் தெரியுமா என்பதைத் தீர்மானிக்க இன்னொரு மணி நேரம் போனது.

"மூன்று."

வக்கீல் எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டார். "வாய்தா."

மணி ஐந்தரை. வரிசையார் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அடிக்குறிப்பை அடித்துவிட்டால் என்ன? அடித்தால் அது புது விதி. புது விதி என்றால் மறுபடி ஒன்றிலிருந்து. தான் கட்டிய சுவருக்குள் தானே நின்றுகொண்டு கதவு வைக்க மறந்ததை நினைத்துக்கொண்டார். அப்போது உள்ளங்காலில் ஏதோ சில்லென்றது. குனிந்து பார்த்தார். சமையலறைக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் ஒரு நாக்கு மாதிரி நீண்டு மேசையின் காலைத் தொட்டிருந்தது.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் சுற்று முடியும்வரை நடுவர் இருக்கையை விட்டு எழக் கூடாது. ஒன்பதாம் விதி. கையெழுத்து அவருடையது. கால்களைத் தூக்கி நாற்காலிச் சட்டத்தில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை அந்த இயந்திரம் கீச்சென்று கூப்பிடும், செவ்வாய்க்கிழமை கூப்பிடும், புதன்கிழமை கூப்பிடும். சனிக்கிழமை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"சார்" என்றார் வக்கீலிடம். "இந்த ஒரு தடவை. எனக்கு வேற எதுவுமே இல்ல சார்."

வக்கீல் அவரைப் பார்த்தார். பிறகு நனைந்துகொண்டிருந்த தன் ஷூக்களைப் பார்த்தார். எது அவர் மனதை உருக்கியதோ தெரியாது.

"கருணையின் அடிப்படையில் என் உரிமையைக் கைவிடறேன். ஆனா இதை யாரும் முன்னுதாரணமா காட்டக் கூடாது."

ஐந்து ஐம்பது. அட்டை கொடுத்த நாளிலிருந்து முதல்முறையாக வரிசையார் அந்த எண்ணை உச்சரித்தார்.

"நாலு."

எல்லோரும் ஓரத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா வக்கீலின் பக்கம் சாய்ந்தார். "உங்க ஆளு கைராசிக்காரரா?"

"என் ஆளா? உங்க பேஷன்ட்னுல்ல நான் நெனச்சேன்."

"முறையில்லாம பேசக் கூடாது" என்று மேசையைத் தட்டினார் வரிசையார். எதுவும் காதில் ஏறும் நிலையில் அவர் இல்லை. உறையைப் பிரித்தார். முத்து முத்தான கையெழுத்து. முதல் கட்டத்தைப் படித்தார்.

"ஆயுதம்... பைப் ரெஞ்ச். பதினாலு இன்ச்."

"ஆட்சேபம். வாளும் வில்லும் இருக்கற காலத்துல ஏது ரெஞ்ச்?"

"கற்பனை சார். இதுக்குப் பேர்தான் கற்பனை." வரிசையாரின் கண் கலங்கிவிட்டது. அடுத்த கட்டத்தை அவர் படிக்கவில்லை. காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். ஏழு வாரம் காத்திருந்த மனிதர் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். "இத்தனை பேர்ல முறையை மதிச்சவர் நீங்க ஒருத்தர்தான். மூணு புள்ளி மிச்சம் இருக்கு. பத்து நிமிஷம் இருக்கு. என் மானம் உங்க கையில இருக்கு. சொல்லுங்க, என்ன செய்யப் போறீங்க?"

நாலாம் நம்பர் எழுந்தார். அட்டையை மேசைமேல் வைத்தார். குனிந்து, அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த பையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டார்.

"முதல்ல மெயின் வால்வை மூடறேன் சார். சமையலறை எந்தப் பக்கம்?"